குழாயில் போட்ட கோடுகள்

மலைக்கு அந்தப் பக்கமே மழை நின்றுவிடும் பள்ளத்தாக்கு அது. அடியில் கிடந்த தண்ணீரை நகரத்துக்கு இறைக்க இறைக்க, தரை வருடத்துக்கு அரை அடி இறங்குகிறது. வீடும் கூடவே இறங்குகிறது. பாறையில் ஊன்றி நிற்கும் போர்வெல் குழாய் மட்டும் அசைவதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பில், வாசலில் இருக்கும் அந்தக் குழாயில்தான் சுருளிவேல் பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பான்.

எட்டு வயது மகள் தர்ஷிகா குழாயில் தலையை ஒட்டி நின்றாள். கோடு போன வருடக் கோட்டுக்குக் கீழே விழுந்தது.

"நான் வளரவே மாட்டேனாப்பா?"

"வளந்துக்கிட்டுத்தான் இருக்க. தரைதான் எறங்குது."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "அண்ணே மட்டும் எம்புட்டு ஒசரம்!"

மாயனின் கடைசிக் கோடு. ஆறு வயதில், காய்ச்சலில் போவதற்கு முந்தைய பொங்கலுக்குப் போட்டது. அன்றைக்கு அது சுருளிவேலின் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. ஏழு வருடமாகிறது. மங்க மங்க, ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன்மேல் மறுபடி சுண்ணாம்பு இழுப்பான்.

கையை நீட்டினான். குதிகாலை உயர்த்திப் பார்த்தான். எட்டவில்லை.

"உள்ள முக்காலி கெடக்கு," என்றான். "எடுத்துட்டு வா தாயி."