பாட்டுக்கு முன் ஓர் இருமல்

“பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு இருமல் கேக்குதே, அதை எடுத்துடறேன் அண்ணே” என்றான் ஒலிப்பதிவாளன் ரோனில்சன்.

கணவன் கிளோடோமிர் பதில் சொல்வதற்குள் டொராலிசி முந்திக்கொண்டாள். மடியில் கிடந்த பேஸ் கிட்டாரை இறுக்கிப் பிடித்தாள்.

“வேண்டாம்பா. அது இருந்துட்டுப் போகட்டும்.”

“அக்கா, பழைய டேப்பைச் சுத்தம் பண்ணத்தானே கூப்பிட்டீங்க? இரைச்சல், இருமல் எதுவும் இருக்கக் கூடாதுன்னு கம்பெனியில கறாரா சொல்லிட்டாங்க. சாயங்காலம் அனுப்பியாகணும்.”

பிரேசிலின் சாவோ லூயிஸ் நகரில் அந்த இருமலைத் தெரியாதவர் கிடையாது. அவர்களுடைய ‘மரே மான்சா’ இசைக்குழு மேடையேறினால், இந்தப் பாட்டுக்கு முன் கூட்டமே சேர்ந்து இருமும், சிரிக்கும். பிறகு டிரம் முதல் அடியைக் காலியாக விட்டுத் தொடங்கும். ரெகே இசையின் நடையே அதுதான். டொராலிசியின் பேஸ் அடிவயிற்றில் அதிர, ஜோடிகள் கட்டிக்கொண்டு ஆடும்.

பாடகன் கிளோடோமிரின் புகை இருமல் அது என்று ஊர் சொன்னது. “ஆமா, என்னோடதுதான்” என்று அவனும் முதல் பேட்டியிலேயே சொல்லிவிட்டான்.

“இருமல் இல்லாட்டி ஜனங்க ஆட மாட்டாங்க” என்றாள் டொராலிசி.

“அவ்வளவுதானே? அண்ணன் புதுசா ஒண்ணு இருமட்டும். பளிச்சுனு பதிஞ்சு ஒட்டிடறேன்.”

சம்மதித்துவிடாதே என்பதுபோல் அவள் கணவனைப் பார்த்தாள். கிளோடோமிர் பார்வையைத் திருப்பிக்கொண்டு எழுந்தான். மைக் முன் நின்று வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

“என்னண்ணே, ஊதி ஊதித் தொண்டை அடைச்சுப்போச்சா?”

“நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லடா.”

ரோனில்சன் வாய்விட்டுச் சிரித்தான். “இந்தக் கதையை வேற யார்கிட்டயாவது சொல்லுங்க! சரி, உங்க பழைய இருமலைக் கேளுங்க. டிரம் பக்கத்து மைக்லதான் விழுந்திருக்கு. அதே மாதிரி இருமினா போதும்.”

மற்ற ஒலிகளை அடக்கிவிட்டு, அதை மட்டும் உயர்த்தினான்.

“வேண்டாம்” என்று எழுந்தாள் டொராலிசி. அதற்குள் டேப் ஓடத் தொடங்கிவிட்டது.

தூரத்தில் மங்கலாகவே கேட்டுப் பழகிய இருமல், அறை நிறைய ஒலித்தது. சளி கட்டிய, மிகச் சிறிய நெஞ்சின் இருமல். அதன் பின்னால், இத்தனை காலமும் யார் காதிலும் விழாத ஒரு முனகல்.

“அம்மா... தண்ணி.”

பாட்டு பதிவான அன்று, டிரம் பெட்டி மேல் போர்த்திப் படுக்க வைத்திருந்த மகள் ஜசிரா. அந்த வாரம் முடிவதற்குள் அவள் உயிரோடு இல்லை.

ரோனில்சனின் விரல் பொத்தானிலிருந்து தானாக விலகியது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் அடி, எப்போதும்போல், காலியாக இருந்தது.