ஒன்பது நாள் பிரபு

ஸ்காட்லாந்து மலைகளுக்கு நடுவே இருந்த அந்தக் கோட்டையின் கூடத்துச் சுவரில் ஆர்ட்லோக் பிரபுக்களின் வம்சாவளி ஒரு மரமாகத் தீட்டப்பட்டிருந்தது. மூத்த மகனுக்கு எப்போதும் ரானல்ட் என்றுதான் பெயர். அவன் குழந்தையிலேயே செத்துப்போனால், அடுத்துப் பிறப்பவனுக்கு அதே பெயரை வைத்து அதே இலையையும் கொடுத்துவிடுவார்கள். அதனால் அந்த மரத்தில் ஓர் இலைகூட உதிர்ந்ததில்லை.

உச்சியிலிருந்த கடைசி இலையின் வர்ணத்தைப் புதுப்பிக்க ஓவியர் ஈவன் ஏணியில் ஏறியிருந்தார். மனைவியோ பிள்ளையோ இல்லாத எழுபத்தொன்பது வயதுப் பிரபு கீழே நின்றபடி சொன்னார்: "அதில் இருக்கும் பிறந்த தேதி என்னுடையது இல்லை. என் அண்ணனுடையது. ஒன்பது நாள் இருந்தான்."

"திருத்திவிடட்டுமா, ஐயா?"

"வேண்டாம். அவன் இறந்த தேதியைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்."

"நீங்கள் பிறப்பதற்கு முன்பே வம்சம் முடிந்துபோனதாக ஆகிவிடுமே."

"நான் இறக்கும் தேதியை உங்களிடம் வந்து சொல்ல யார் இருக்கிறார்கள்?"

ஈவன் எழுதினார். தூரிகையைத் துடைத்துக்கொண்டு அவர் இறங்கும்வரை, பிரபு இரண்டு கைகளாலும் ஏணியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.