வெறும் மணிக்கட்டு

பள்ளியில் நர்ஸ் வேண்டுமா, வேண்டாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். போனில் வந்த கேள்விக்குச் சாயங்காலத்துக்குள் 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்பதைத் தொட்டு அனுப்ப வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வேண்டாம்னு போடு," என்றார் என் கணவர் இளம்பரிதி. "அதான் நம்ம பிள்ளை கையில பட்டை இருக்கே. காய்ச்சலோ வலியோ வந்தா சிவப்பு எரியும், நமக்கும் தகவல் வந்துடும். நர்ஸ் வந்து நெத்தியைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணுமா?"

அவர் சொன்னதும் சரிதான். ஜூன் மாதம் எல்.கே.ஜி. பிள்ளைகள் எல்லாருக்கும் மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். அதற்குப் பிறகு, வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. வகுப்பில் யாராவது முனகினால் மிஸ் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். பச்சை எரிந்தால், "உனக்கு ஒண்ணும் வலிக்கல, போய் உட்காரு" என்பார். எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

'வேண்டாம்' என்பதைத் தொடப் போனேன். கூடத்தில் தடாலென்று சத்தம். மகள் யாழ்மொழி நாற்காலியிலிருந்து விழுந்து கிடந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். "என் தங்கத்தையா தள்ளிவிட்ட?" என்று எப்போதும்போல நாற்காலிக்கு நாலு அடி வைத்தேன். அவள் அழவில்லை. உதடு மட்டும் நடுங்கியது.

குளிப்பாட்டுவதற்காகப் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தேன். அவள் தன் வெறும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு வலிக்குதா?"