கை படாத குமிழ்கள்

மூன்று நாளாக அணைக்காத சிந்தசைசர் இசைக்கருவியின் சிவப்பு விளக்கு அவன் மூக்குக்கண்ணாடியில் புள்ளியாக நிற்கிறது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. மின்விசிறியும் ஓடவில்லை, அறையின் சூடு மாறினால் இந்தப் பழைய இயந்திரத்துக்குச் சுருதி நழுவும். ஒலியைத் திருகித் திருகிச் சமைக்க முப்பத்திரண்டு குமிழ்கள், ஒன்றின் நிலையைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாத பெட்டி. படத்துக்கு இசையமைக்கிற அவனுக்குத் தற்செயலாக வாய்த்த ஓர் ஒலி, குமிழ்கள் இப்போது நிற்கிற நிலையில்தான் உயிரோடு இருக்கிறது. ஒன்று மயிரிழை நகர்ந்தால் போச்சு. படத்தின் காட்சி கைக்கு வந்து, அதைப் பார்த்து வாசித்தால்தான் ஒலிப்பதிவு. இயக்குநரோ நாளை, நாளை என்கிறார். வியர்வை முழங்கை வழியாகச் சொட்ட, அவன் வாசிக்கிற கட்டைகளில் ஒன்றை மெல்ல அழுத்துகிறான். மூடிய வாய்க்குள் யாரோ முனகுவதுபோல் ஒலி கனத்து எழுந்து, விளிம்பில் லேசாக நடுங்குகிறது. மனைவி சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நிற்கிறாள். "போட்டோ எடுத்துக்கிட்டு அணைச்சிடுங்களேன்." "எடுத்தேன். அதப் பாத்துத் திருப்பினா இதே சத்தம் வராது." "இன்னும் எத்தன நாளு?" அவன் குமிழ்களைப் பார்க்கிறான். அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, மேசை அதிராமல் கதவைச் சாத்துகிறாள். மகள் நுழைந்து எதையாவது திருகிவிடப் போகிறாளென்று அவனே வெளிப்பக்கம், அவளுக்கு எட்டாத உயரத்தில் அடித்த தாழ்ப்பாள் விழுகிறது. திறக்கச் சொல்லிக் கூப்பிட வாயெடுக்கிறான். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்கிறது. "அம்மா, அப்பா உள்ளயா இருக்காரு?" "இல்லம்மா," என்கிறாள் அவள். "மிஷின்தான் இருக்கு."