செம்போத்து கொண்டுவரும் வேர்

“கட்டாதீங்க அம்மிணி! கட்டுனீங்கன்னா எல்லாம் கெட்டுப்போயிரும்!”

அர்த்தனாரி போட்ட கூச்சலில், கட்டுப் போட முந்தானையைக் கிழிக்கப் போன அத்தாயி திடுக்கிட்டு நின்றாள். சாமைக்காட்டில் களை எடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் வழி. மூங்கில் புதருக்கு அடியில் மலைக்குக் கீழேயிருந்து வந்த இந்த ஆள் செம்போத்துக் குஞ்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குஞ்சின் ஒரு கால் முறிந்து தொங்கியது.

“கூட்ல இருந்து விழுந்து கெடந்துச்சுங்க,” என்றார்.

“மூங்கில் பத்தை வெச்சுக் கட்டிரலாமுங்க. ஆட்டுக்குட்டிக்கெல்லாம் அப்படித்தான் கட்டுவோம்,” என்றாள் அத்தாயி.

“வேண்டாமுங்க. கூட்லயே வெச்சர்றேன். தாய் பாத்துக்கும்.”

மூங்கில் முள்ளில் அவர் கை கிழிந்து ரத்தம் வழிந்தது. அதைச் சட்டை செய்யாமல் குஞ்சை மெல்லக் கூட்டில் வைத்தார்.

அத்தாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டுப் போட விடாதவன் கல்நெஞ்சன். குஞ்சுக்காகக் கையைக் கிழித்துக்கொள்கிறவனை என்னவென்று சொல்வது?

“ஏனுங்க, தாய் வந்து காலைக் கட்டுமா?”

“சஞ்சீவி வேர் கொண்டாருமுங்க. குஞ்சுக்குக் கால் ஒடஞ்சா செம்போத்து அந்த வேரைத் தேடிக் கொண்டாந்து கூட்ல வெக்குமாம். ஒடஞ்சது கூடிக்குமாம். நீங்க கேட்டதில்லையா?”

கொல்லிமலையில் அதைக் கேட்காதவர் யார்? பார்த்தவர்தான் யாரும் இல்லை.

“அந்த வேர் உங்களுக்கு எதுக்குங்க?”

அவர் கூட்டைப் பார்த்தபடியே சொன்னார். “என்ற புள்ளைக்குங்க. காய்ச்சல்ல ரெண்டு காலும் வெளங்காமப் போயிருச்சு. சேலத்து வெள்ளைக்கார டாக்டரும் கையை விரிச்சுட்டாரு. காளப்பநாயக்கன்பட்டியில கடையைப் பூட்டிப்போட்டு மலை ஏறிட்டனுங்க.”

அத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா கல்நெஞ்சன் என்று நினைத்தோம்! வீட்டுக்கு ஓடிப்போய், தாய்ப்பறவையை விரட்டிவிடாதபடி தன் நாயைப் பிடித்துக் கட்டினாள். ராகிக் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படியாவது அந்த வேர் வந்துவிட வேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு, தானும் அவர்கூடவே காத்திருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் தாய் வந்தது. அலகில் என்னமோ பச்சையாக!

அர்த்தனாரி ஒரே பாய்ச்சலில் போய்ப் புதரை விலக்கினார். தாய் படபடவென்று பறந்தது. குஞ்சின் வாயில், பாதி உள்ளே போய்விட்ட வெட்டுக்கிளி.

தலையில் கை வைத்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அத்தாயிக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். “இப்பவாச்சும் கட்டுப் போட்டுரட்டுங்களா?”

“போட்டுக்குங்க. இனி இது ஆகாது.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “வேற கூடு பாக்கோணும்.”

“வேற கூடா? அங்கயும் ஒரு குஞ்சு கால் ஒடஞ்சு கெடக்குமுங்களா?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இது மட்டும் தானாவா ஒடஞ்சுது, அம்மிணி?”