மூடி வைத்த லேப்டாப்

பிற்பகல் வெயில் லேப்டாப்பின் தூசியில் விழுகிறது. கணவர் இறந்து, இத்தா எனும் துக்க காலம் முடிந்த பிறகு, இன்றுதான் அம்பரீன் அதை அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள். அவர் வரைந்த ஷூ பேட்டர்ன்களைத் திருத்திச் சேமித்தால்தான் ஷூ கம்பெனி அவர் பார்த்த வேலையை அவளுக்குத் தரும். லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. விண்டோஸின் பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது. லினக்ஸ் வழியாக ஃபைல்கள் திறக்கின்றன, சேமிக்க முடியவில்லை. "அண்ணனுக்கு ஷட் டவுன் பண்றதே பேஜாரு பாபி, மூடி வெச்சிட்டுக் கெளம்பிடுவாரு," என்கிறான் கொழுந்தன் தானிஷ். "விண்டோஸ் இன்னும் தூங்கிட்டிருக்கு. அந்தத் தூக்கத்த அழிச்சாதான் டிஸ்க்குல எழுத விடும்." "அதுல இன்னா இருக்கு?" "கடைசியா அவரு தெறந்து வெச்சதெல்லாம். சேமிக்காதது போய்டும்." ஜன்னல் வழியே, பதனிடும் ஆலையில் தோல் ஊறும் வாடை வருகிறது. அவர் சட்டைகளிலும் இதே வாடைதான். எவ்வளவு துவைத்தாலும் போனதில்லை. அவள் எழுத்து தேய்ந்த விசைகளைத் துப்பட்டாவால் மெதுவாகத் துடைக்கிறாள். "அழிச்சிடு." ஒரு விசையின் சத்தம் கேட்கிறது. முதல் பேட்டர்ன் சேமிக்கப்படுகிறது. தானிஷ் பழக்கத்தில் மூடியைச் சாய்க்கிறான். அவள் கை வைத்துத் தடுக்கிறாள். ஷட் டவுனை அவளே அழுத்துகிறாள். ஓரத்துச் சிறு விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.