பதினாலாம் நம்பர் வண்டி

ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருந்த ராஜபாண்டியனின் கை பாதியில் நின்றது.

சட்டைப் பை காலியாக இருந்தது. செல்போன் நாரணாபுரத்தில், பட்டாசுக் கம்பெனி கேட்டிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கேட்டுக்குள் யாரும் செல்லோடு போக முடியாது. அணைத்து, வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வேலை முடிந்து வேனில் ஏறிய பதினோரு பெண்களும் அவரவர் செல்லை மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். கூட்டிப் போக வந்த ஓட்டுநர் மறந்துவிட்டார்.

ஆலங்குளம் ரோட்டோரம், பஞ்சரான வேன். மணி ஐந்தே முக்கால். ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கீக?" என்றாள் பஞ்சம்மாள். அலுமினியப் பொடி படிந்து அவள் முழங்கை வரை வெள்ளியாக மின்னியது.

"போன் பண்ணணும்மா. ஆறேகாலுக்குள்ள."

பெண்கள் சிரித்தார்கள். தினமும் பார்க்கிறார்களே. ஊரில் எல்லோரையும் இறக்கிவிட்டதும் இந்த மனிதர் ஒரு நம்பருக்கு அடித்து, 'வந்து சேந்தாச்சு' என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். ஏழு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

"மதினிக்கு அம்புட்டுப் பயமா? நம்பரைச் சொல்லுங்க, நான் அடிக்கேன். 'அண்ணன் பதினோரு பொம்பளைகளோட நடுரோட்டுல நிக்காக'ன்னு சொல்லிருதேன்."

ராஜபாண்டியன் வாயைத் திறந்தார். நாக்கில் வந்தது ஓமன் நாட்டு நம்பர். ஆலங்குளத்து நம்பர் வரவில்லை. அது செல்லுக்குள்தான் இருந்தது.

மதினி இல்லை, காந்தம் அண்ணாச்சி.

பதினெட்டு வருடம் ஓமன் பாலைவனத்தில் எண்ணெய் டேங்கர் ஓட்டினார் ராஜபாண்டியன். கிணற்றடியில் லோடு ஏற்றிக் கிளம்பும்போது கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டும். சேர வேண்டிய நேரத்துக்கு மேல் அரை மணி தாண்டினால், தேடி வண்டி கிளம்பிவிடும்.

அந்தக் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர் ஆலங்குளத்து லட்சுமிகாந்தம். கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். பதினாலாம் நம்பர் டேங்கரின் ரேடியோவில் அவர் குரல் மட்டும் கூடவே வரும். "பதினாலு, எங்கன இருக்க?" வேலைப் பேச்சு தவிர வேறு பேசக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால் அவருக்கு வாய் நிற்காது. "பதினாலு, ஊர்ல நல்ல மழையாம்லே. கம்மாய் பெருகிருச்சாம். ஓவர்."

அதைக் கேட்டுவிட்டு ஐம்பது டிகிரி வெயிலில் ஈரமாக ஓட்டியிருக்கிறார் ராஜபாண்டியன்.

ஒருமுறை மணற்புயலில் வழி தவறி, டயர் புதைந்து, தண்ணீரும் தீர்ந்து கிடந்தார். சரியாக அரை மணியில் தேட ஆள் அனுப்பியிருந்தார் அண்ணாச்சி. அதனால்தான் இன்றைக்கு இந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்ட முடிகிறது.

பிறகு அங்கே குழாய் பதித்தார்கள். டேங்கர்கள் நின்றன. கூட ஓட்டியவர்களில் அருள்பாண்டிக்கு விருதுநகரில் பள்ளிக்கூட பஸ் கிடைத்தது. முனியராஜ் சிமெண்ட் லாரிக்குப் போனான். வருடத்துக்கு மேல் அலைந்த பிறகு ராஜபாண்டியனுக்கு இந்த வேன். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். அதனால் முதல் மாதம் முழுக்க கியரைத் தேடிப் போன வலது கை கதவில் இடித்தது. பெண்களுக்கு அது ஒரு சிரிப்பு.

ஓட்டினவர்களுக்கு ஏதோ ஒரு வண்டி கிடைத்துவிட்டது. 'சேந்தியா' என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு என்ன கிடைக்கும்?

அதற்காகத்தான் இந்தப் போன். அவரும் ஒரு நோட்டுப் போட்டு, தினமும் நேரம் குறித்து வந்தார்.

போல்ட் துருவேறி இறுகியிருந்தது. ஆறேகால் தாண்டியது.

"இந்நேரம் அண்ணாச்சி நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு கடியாரத்தையே பாத்துக்கிட்டிருப்பாக" என்றார் ராஜபாண்டியன். பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆறரைக்கு மேல் எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்றது. பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு, கக்கத்தில் நோட்டோடு, ஒரு மனிதர் இறங்கினார். அவர் மகள் கற்பகவல்லி பின்னாலேயே இறங்கினாள்.

"பதினாலு! ரிப்போர்ட் வரலையேலே!"

"மதினி மீசையோட வந்திருக்காக" என்று முணுமுணுத்தாள் பஞ்சம்மாள்.

அண்ணாச்சி வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தலைகளை விரல் நீட்டி எண்ணினார். பேனாவைத் திறந்து, புளியமரத்தில் நோட்டைச் சாய்த்து, நின்றபடியே எழுதினார்.

கற்பகவல்லி ராஜபாண்டியன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சித்தப்பா, அங்கன இருந்து வந்த நாள்ல இருந்து அப்பா வாசப்படி தாண்டல. ரெண்டு வருசம். அடுத்த தெரு மண்டபத்துல நடந்த எங் கல்யாணத்துக்குக்கூட வரல. இன்னைக்குத் தானா சட்டையை மாட்டிக்கிட்டு, 'ஆட்டோவைக் கூப்பிடு, பதினாலைக் காணோம்'ன்னாக."

ராஜபாண்டியன் கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கறுப்பானது.

மறுநாள் சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் ஓடி வந்து செல்லை நீட்டினார். "நேத்து மாதிரி விட்டுட்டுப் போயிராதீக."

பஞ்சம்மாளும் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணே, செல்லு!"

"இருக்கட்டும்மா. இன்னைக்கும் ஆறேகால் தாண்டட்டும்" என்று ராஜபாண்டியன் இடது கையால் கியரைப் போட்டார். செல்லை வாங்க வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டவே இல்லை.